எல்லாம் ஒரே பொட்டலத்தில்: எக்ஸாம்ப்பும் வெப்டூபையும், எதிரே வெறும் பிஎச்பியும் பைத்தானும்

ஒரு ஃபாரத்தில் பெயரை வாங்க வேண்டும், டேட்டாபேஸில் சேமிக்க வேண்டும், சேமித்ததைப் பக்கத்தில் காட்ட வேண்டும். இந்தச் சின்ன வேலைக்கே வெப் சர்வர், மொழி, டேட்டாபேஸ், இணைக்கும் டிரைவர் என நான்கு பாகம் தேவை. இவற்றில் எது மக்கர் பண்ணுகிறது என்று பிடிபடாமல்தான் பலர் முதல் வாரத்திலேயே மூட்டை கட்டுகிறார்கள். 'எல்லாம் உள்ளேயே இருக்கிறது' என்று வரும் எக்ஸாம்ப், வெப்டூபை போன்ற கருவிகளுக்கு மவுசு அதனால்தான். அவற்றை எடைபோட இந்த ஒரு ஃபாரமே போதும்.

எக்ஸாம்ப்பில் அப்பாச்சி என்ற வெப் சர்வர், மரியாடிபி என்ற டேட்டாபேஸ், பிஎச்பி, பெர்ல் என்ற மொழிகள் எல்லாம் ஒரே இன்ஸ்டாலரில் வந்துவிடும். விண்டோஸில் 'புரோகிராம் ஃபைல்ஸ்' உள்ளே போடாமல் நேரே சி டிரைவில் போடுங்கள்; இல்லையென்றால் எழுதும் அனுமதி கிடைக்காமல் பிறகு திணற வேண்டியிருக்கும். எக்ஸாம்ப்பின் கட்டுப்பாட்டு ஜன்னலில் அப்பாச்சிக்கு ஸ்டார்ட் கொடுத்ததும் பச்சை வந்து அணைந்தால், 80ஆம் போர்ட்டை (சர்வர் பேசும் வாசல் எண்) வேறு ஏதோ பிடித்து வைத்திருக்கிறது என்று பொருள். பல சமயம் அது விண்டோஸின் சொந்த வெப் சர்வரான ஐஐஎஸ். அப்பாச்சியின் அமைப்புகள் உள்ள கான்ஃபிக் ஃபைலில் 'லிசன் 80' என்ற வரியை 8080 ஆக்கி மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் (உங்கள் கம்ப்யூட்டரின் முகவரி) என்பதற்குப் பின் கோலன் போட்டு 8080 சேர்க்க மறக்காதீர்கள்.

டேட்டாபேஸ் தொல்லை இதைவிட மோசம். மரியாடிபியை நிறுத்தாமல் கம்ப்யூட்டரை அணைத்தால், மறுநாள் 'எதிர்பாராமல் நின்றுவிட்டது' என்று சிவப்பு எழுத்து வரலாம். டேட்டா ஃபோல்டரில் உள்ள ஐபிடேட்டா1 ஃபைலை அழித்துவிடு என்று இதற்கு யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். இன்னோடிபி (மரியாடிபி வழக்கமாகத் தரவைச் சேமிக்கும் முறை) டேபிள்களின் விவரமெல்லாம் அதில்தான் இருக்கிறது. அழித்தால் சர்வர் எழுந்துகொள்ளும், டேபிள்கள் திறக்காது. எதைத் தொடுவதற்கு முன்பும் டேட்டா ஃபோல்டரை முழுசாக வேறு இடத்துக்குக் காப்பி செய்துவிடுங்கள். இன்னொன்று: எக்ஸாம்ப்பில் டேட்டாபேஸின் ரூட் என்ற முதன்மைக் கணக்குக்குப் பாஸ்வேர்டே கிடையாது. பழகுவதற்கான ஏற்பாடு இது, இதையே இணையத்தில் ஏற்றக் கூடாது.

எக்ஸாம்ப்பின் பெரிய பலம், நீங்கள் எழுதுவது அசல் பிஎச்பி என்பதுதான். வேறு சர்வருக்குப் போனாலும் கற்றது வீணாகாது. ஆனால் கைபிடித்து நடத்தாது. பெயர் பெட்டியில் ஓ'பிரையன் என்று தட்டிப் பாருங்கள். பெயரை அப்படியே எஸ்க்யூஎல் (டேட்டாபேஸுக்குக் கட்டளையிடும் மொழி) வரியில் ஒட்டியிருந்தால், நடுவிலுள்ள அந்த ஒற்றைக் குறி வாக்கியத்தை அங்கேயே முடித்துவிடும்; தொடரியல் பிழை வரும். அதே ஓட்டை வழியாகத்தான் விஷமிகளும் நுழைவார்கள். பெயர் வர வேண்டிய இடத்தில் கேள்விக்குறி வைத்து, பிஎச்பி டேட்டாபேஸோடு பேச உதவும் பிடிஓ-வில் 'பிரிப்பேர்', 'எக்ஸிக்யூட்' என்று இரண்டு படியாக அனுப்பினால் இந்தப் பிரச்சினை தீரும். 'மைஸ்க்யூஎல்_கனெக்ட்' என்று ஆரம்பிக்கும் பாடங்களைப் பார்த்தால் மூடிவிடுங்கள். அந்த வகை ஃபங்ஷன்கள் 2015இல் வந்த பிஎச்பி 7.0இலேயே நீக்கப்பட்டுவிட்டன.

பிஎச்பி மட்டும் போதும் என்றால் எக்ஸாம்ப்பே வேண்டாம். 2012இல் வந்த 5.4 பதிப்பிலிருந்து மொழிக்குள்ளேயே ஒரு குட்டி சர்வர் இருக்கிறது. ஒற்றைக் கட்டளையில் ஓடும். டேட்டாபேஸுக்கு, தனி சர்வர் தேவைப்படாமல் ஒரே ஃபைலில் அடங்கும் எஸ்க்யூலைட் போதும். விண்டோஸில் ஜிப்பாக எடுத்தவர்களுக்கு 'டிரைவர் கிடைக்கவில்லை' என்று எரர் வரும். 'பிஎச்பி.ஐஎன்ஐ-டெவலப்மென்ட்' ஃபைலைக் காப்பி எடுத்து, 'பிஎச்பி.ஐஎன்ஐ' என்று பெயரிட்டு, பிடிஓ எஸ்க்யூலைட் வரியின் முன்னாலும், விண்டோஸுக்கான 'எக்ஸ்டென்ஷன்_டிஐஆர்' வரியின் முன்னாலும் உள்ள அரைப்புள்ளியை எடுத்தால் சரியாகிவிடும்.

வெப்டூபை வேறு ரகம்; இதில் எழுதுவது பைத்தான் மொழியில். சிகாகோவின் டிபால் பல்கலைக்கழகத்தில் மாசிமோ டி பியரோ பாடம் நடத்துவதற்காக உருவாக்கியது, 2007இல் வெளிவந்தது. ஜிப்பை விரித்து ஓட விட்டால் பாஸ்வேர்ட் கேட்கும் ஒரு சின்ன ஜன்னல் வரும். அதன்பின் 8000ஆம் போர்ட்டில் எடிட்டர், டேட்டாபேஸ், நிர்வாகப் பக்கம் எல்லாம் பிரவுசரிலேயே. டேபிளை ஒரு வரியில் அறிவித்து, ஃபாரத்தை இன்னொரு வரியில் கேட்டால் நம் வேலை முடிந்தது. ஓ'பிரையன் சத்தமில்லாமல் உள்ளே போய்விடுவார். தப்பு நடந்தால் பார்வையாளருக்கு ஒரு டிக்கெட் எண் மட்டும் தெரியும்; முழு விவரம் நிர்வாகப் பக்கத்தில் இருக்கும். அழகான ஏற்பாடு.

இந்தச் சொகுசுக்கு விலை உண்டு. டேபிள் அறிவிப்பை மாற்றினால் டேட்டாபேஸும் தானாக மாறும். டேபிளில் உள்ள ஒரு ஃபீல்டின் (பத்தியின்) பெயரை மாற்றினால் அதைப் பெயர் மாற்றமாக அது பார்க்காது. பழையது போய் புதியது வந்ததாகவே எடுத்துக்கொள்ளும், பழைய தரவு கைவிட்டுப் போகலாம். உண்மையான தரவு சேர்ந்த பிறகு இந்தத் தானியங்கி மாற்றத்தை நடத்தும் 'மைக்ரேட்' அமைப்பை ஃபால்ஸ் ஆக்கிவிடுவது நல்லது. எச்டிடிபிஎஸ் இல்லாத சர்வரில் ஏற்றினால் நிர்வாகப் பக்கம் திறக்காது; அது பிழையல்ல, பாதுகாப்பு. உண்மையான குறை வேறு: எதையும் இம்போர்ட் செய்யாமலே, அதாவது வேறு ஃபைலிலிருந்து வரவழைக்காமலே, பெயர்கள் காற்றிலிருந்து வந்து நிற்கும். அதில் பழகியவர் ஃபிளாஸ்க் என்ற இன்னொரு பைத்தான் கருவிக்குப் போனால் எந்தப் பெயர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் விழிப்பார். இப்போது தொடங்குகிறவர் இதன் வாரிசான பை4வெப் பக்கம் போகலாம்; அதில் இம்போர்ட்டுகள் கண்ணெதிரே இருக்கும்.

தமிழ் உள்ளீடு வாங்குகிறவர்களுக்கு ஒரு தனிக் கவனிப்பு. 'அம்மா' என்ற சொல்லின் நீளத்தை பிஎச்பியின் 'எஸ்டிஆர்லென்' 15 என்று சொல்லும், ஏனெனில் அது பைட்டை எண்ணுகிறது. 'எம்பி_எஸ்டிஆர்லென்' 5 என்னும். பைத்தான் 3இன் 'லென்'னும் 5தான். நாம் எண்ணினால் மூன்றெழுத்து. பெயரை நறுக்கும்போது பைட் கணக்கில் நறுக்கினால் கடைசி எழுத்து கேள்விக்குறி போட்ட வைர வடிவமாக மாறுவது இதனால்தான்.

கோடே எழுத வேண்டாம் என்னும் பபிள் மாதிரியானவை பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. படம் வரைவதுபோல ஃபாரம் தயாராகும். தரவை சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணை ஃபைலாக) எடுக்கலாம், ஆப்பின் கோடை எடுக்க முடியாது. பிரவுசரிலேயே எழுதி ஓடவிட்ட கிளிட்ச் 2025 ஜூலையில் புராஜெக்ட் ஹோஸ்டிங்கை நிறுத்தியபோது, அதில் இருந்தது சாதாரண ஜாவாஸ்கிரிப்டும் எச்டிஎம்எல்லும் என்பதால் டவுன்லோட் செய்து வேறு இடத்தில் ஓட்ட வழி இருந்தது. புதிய கருவியில் கணக்குத் தொடங்கும் அன்றே ஒரு குட்டி ஆப்பை எக்ஸ்போர்ட் செய்து, சொந்தக் கம்ப்யூட்டரில் ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.