வடகடல் சன்னலா, தென்கடல் சன்னலா? மணி பிளான்ட் கொடிக்கு ஏற்ற வெளிச்சம்

மண்டபத்தில் எங்கள் வீடு இருக்கும் இடத்தில் நிலம் ஒடுங்கியது. வடக்குச் சன்னலுக்கு அப்பால் பாக் விரிகுடா, தெற்குச் சன்னலுக்கு அப்பால் மன்னார் வளைகுடா. ஊருக்குள் இந்தப் பெயர்கள் புழங்குவதில்லை. வடகடல், தென்கடல் என்பதோடு சரி. மணி பிளான்ட் கொடியை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு இந்த இரண்டு கடல்களையும் விட்டுவிட்டு விடை சொல்ல முடியாது. மூன்று ஆண்டுகள் சட்டிகளை இடம் மாற்றி மாற்றி வைத்த பிறகுதான் இது எனக்குப் புரிந்தது.

தொடக்கத்தில் படித்ததை அப்படியே நம்பினேன். தெற்குச் சன்னலில் வெயில் மிகுதி, வடக்குச் சன்னல் இருட்டு என்று செடி வளர்ப்புக் குறிப்புகள் பலவற்றில் இருக்கும். ஐரோப்பா போன்ற குளிர்நாடுகளுக்கு அது சரி. அங்கே நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கு வானத்தில்தான் நிற்கும். நாமோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9.3 பாகையில் இருக்கிறோம். சித்திரை பிறப்பதையொட்டி நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்துவிடுகிறது. பிறகு வடக்கே சாய்ந்து, ஆகஸ்ட் கடைசியில் மறுபடியும் உச்சியைத் தொட்டுத் தெற்கே போகிறது. ஜூன் மாதத்தில் முற்றத்தில் ஒரு கம்பை நட்டுப் பாருங்கள். நண்பகல் நிழல் தெற்குப் பக்கம் விழும். டிசம்பரில் அதே சூரியன் தெற்கே சாய்ந்து, நண்பகலிலும் 57 பாகை உயரத்தோடு நின்றுவிடும். இந்தக் கரையில் எந்தச் சன்னலுக்கும் ஆண்டு முழுவதும் ஒரே குணம் கிடையாது.

ஒரே தாய்க்கொடியிலிருந்து வெட்டிய துண்டுகளை ஒரே அளவு மண்சட்டிகளில், ஒரே மண்ணில் நட்டு வெவ்வேறு இடங்களில் வைத்தேன். மஞ்சள் தெறித்த பச்சை இலை வகை அது.

முதலில் வடக்குச் சன்னல். பங்குனியிலிருந்து புரட்டாசித் தொடக்கம் வரை சூரியன் கிழக்குக்குச் சற்று வடக்கே உதித்து, மேற்குக்குச் சற்று வடக்கே மறைகிறது. அதனால் காலையிலும் மாலையிலும் சாய்ந்த வெயில் இந்தச் சுவரைத் தடவிச் செல்லும். நண்பகல் வெயில் உச்சியிலிருந்து இறங்குவதால் சன்னல் மேலுள்ள சன்ஷேடே அதைத் தடுத்துவிடும். கொடிக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது: வெளிச்சம் நிறைய, சுடும் வெயில் கொஞ்சம். மே மாதத்தில் இங்கே வளர்ந்த கொடியில் கணுவுக்குக் கணு மூன்று விரற்கடை. இலைகளில் மஞ்சள் தெளிவாக இருந்தது. காற்றும் இதற்குத் துணை நிற்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் எனும் தென்மேற்குக் காற்று தென்கடலைக் கொந்தளிக்க வைக்கும். வீட்டின் வடபுறம் அந்த உப்புக் காற்றுக்கு மறைவு.

தெற்குச் சன்னல் அதே மாதங்களில் இரண்டு வகையிலும் தோற்றது. நண்பகல் சூரியன் வீட்டுக்கு வடக்கே நின்றதால் நேர் வெயில் ஏறக்குறைய இல்லை. கச்சானோ உப்பையும் மணலையும் நேரே இலைமேல் கொண்டுவந்து கொட்டியது. இலையை விரலால் தடவினால் பிசுபிசுப்பு; நக்கிப் பார்த்தால் கரிப்பு. உப்பும் தூசியும் படிந்த இலைக்குக் கிடைக்கிற வெளிச்சமும் குறைந்துவிடுகிறது. வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தபோதுதான் செடி ஓரளவு தெளிந்தது.

ஐப்பசியில் எல்லாம் தலைகீழாகிறது. வாடை எழும்பி வடகடல் பொங்க, தென்கடல் அடங்கிக் கிடக்கும். வடக்குச் சன்னலுக்கு அப்போது நேர் வெயில் துளியும் இல்லை. வானம் மூடிய கார்த்திகை நாட்களில் அங்கிருந்த கொடி தளிர்விடுவதையே நிறுத்திவிட்டது. அடியிலிருந்த இலைகள் இரண்டு மூன்று பழுத்து விழுந்தன. தெற்குச் சன்னலிலோ சாய்ந்த சூரியன் சன்ஷேடுக்குக் கீழே புகுந்து உள்ளே எட்டிப் பார்க்கிறது. அந்த வெயில் நண்பகலில் இலையைச் சுடும் அளவுக்கு வலுவுடையது. பழைய வெள்ளை வேட்டி ஒன்றை ஒற்றையாகத் திரைபோலக் கட்டினேன். அதற்குப் பின்னால் மார்கழியிலும் கொடி புதுத் தளிர் விட்டது.

ஆகவே வடக்கா, தெற்கா என்பதற்கு என் தீர்ப்பு: பங்குனி முதல் புரட்டாசி வரை வடக்கு, ஐப்பசி முதல் மாசி வரை தெற்கு. மீனவர்கள் எந்தக் கடல் அமைதியாக இருக்கிறது என்று பார்ப்பதைப்போலவே செடிக்கும் பார்த்தால் போதும். வெயிலின் திசையும் காற்றின் மறைவும் இந்த ஊரில் ஒன்றோடொன்று அவ்வளவு பொருந்தி வருகின்றன.

சட்டியை இடம் மாற்ற வசதியில்லாதவர்களுக்குக் கிழக்குத் திண்ணையைச் சொல்வேன். உதய வெயில் இதமானது. எட்டரை, ஒன்பது மணி வரை இலைமேல் பட்டால் கெடுதி இல்லை. அதற்குமேல் அடிக்கும் வெயிலை மறைக்க நம் ஊரிலேயே கிடைக்கும் பனையோலைத் தட்டியைவிடச் சிறந்த பொருளை நான் காணவில்லை. ஓலைகளின் இடுக்கு வழியாக வெளிச்சம் கோடுகோடாக விழுந்து, சூரியன் நகர நகர இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஒரே இலையில் ஒரே இடத்தில் நின்று சுடாது. பிரெஞ்சு பாலினீசியாவின் மூரெயா தீவைத் தாயகமாகக் கொண்ட இந்தக் கொடி மரங்களில் பற்றி ஏறும் இனம். மரக்கிளைகளின் ஊடே சிதறி விழும் வெளிச்சம்தான் அதற்குப் பழக்கமானது. ஓலைத் தட்டி அதைத்தான் கொடுக்கிறது. கடைகளில் விற்கும் பச்சை நிழல்வலையும் பயன்படும். ஆனால் பலத்த காற்றில் அது கிழிந்து கொடியை அறுத்ததை ஒருமுறை பார்த்துவிட்டேன்.

மேற்குச் சன்னல் வேண்டாம். பிற்பகல் இரண்டு மணிக்குமேல் வெயிலோடு சுவரின் சூடும் சேர்கிறது.

கூடத்து அலமாரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் கொடி அங்கேதான் இருக்கிறது. நம் கண் இருட்டுக்குத் தக்கபடி தன்னைச் சரிசெய்துகொள்வதால், கூடம் நல்ல வெளிச்சமாகவே தோன்றும். கைபேசியின் ஒளிமானிச் செயலியை வைத்துப் பார்த்தேன். துல்லியம் எதிர்பார்க்க முடியாது என்றாலும் ஒப்பிட அது போதும். வடக்குச் சன்னலோரம் சுமார் 3,000 லக்ஸ் காட்டிய அதே நேரத்தில், எட்டடி தள்ளியிருந்த அலமாரியில் 200-ஐத் தாண்டவில்லை. அங்கே வளர்ந்த கொடியில் கணுவுக்குக் கணு ஆறு விரற்கடை, இலை பாதி அளவு, மஞ்சள் மங்கி முழுப் பச்சை. மஞ்சளும் வெள்ளையுமான பகுதிகளில் பச்சையம் குறைவு; வெளிச்சம் போதாதபோது செடி அவற்றைக் குறைத்துக்கொள்கிறது. வெள்ளை வரியோடிய வகையை அலமாரியில் வைப்பது அதற்குச் செய்யும் கொடுமை.

கூடத்தில்தான் வைக்க வேண்டுமென்றால் சாதாரண 9 வாட் வெள்ளை எல்இடி பல்பை ஒரு அடி உயரத்தில் மாட்டி, நாளுக்கு 12 மணி நேரம் எரியவிடலாம். மாதத்துக்கு மூன்றேகால் யூனிட் அளவுக்குத்தான் செலவாகும். பல்பை இரண்டு அடிக்கு உயர்த்தினால் இலைக்குச் சேரும் ஒளி ஏறக்குறைய கால் பங்காகச் சுருங்கிவிடும். இருட்டில் உள்ள செடி தண்ணீரையும் குறைவாகவே குடிக்கும். கூடத்துச் செடிகள் பல இருட்டால் சாவதில்லை. தினமும் ஊற்றும் தண்ணீரால் வேர் அழுகிச் சாகின்றன.

பக்கத்து வீட்டுப் பெண் ஒருநாள் வந்து, "அக்கா, கொடி தரைவரை நீண்டுவிட்டது, ஆனால் சட்டியில் ஒரு இலைகூட இல்லை, மொட்டையாக இருக்கிறது. உரம் போடட்டுமா?" என்று கேட்டாள். போய்ப் பார்த்தேன். சன்னல் நல்ல சன்னல்தான். சட்டி மட்டும் சன்னலின் மேல்விளிம்பைவிட உயரத்தில், உத்தரத்துக் கொக்கியில் தொங்கியது. கொடியின் நுனிக்கு வெளிச்சம். சட்டியின் வாய்க்கோ நிழல். தொங்கும் கொடிகளில் எல்லோரும் தவறவிடுவது இதைத்தான். கீழே தொங்கும் கொடியைவிட முதலில் வெளிச்சம் பட வேண்டியது சட்டியின் வாய். புதுத் தளிர் அங்கிருந்துதான் கிளம்ப வேண்டும். கயிற்றை இரண்டு அடி நீட்டி இறக்கினோம். நீண்ட கொடிகளைக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, தண்ணீரில் வேர்விட வைத்து, அதே சட்டியில் ஊன்றினோம். உரம் எதுவும் போடவில்லை. இரண்டு மாதத்தில் சட்டி நிறைந்துவிட்டது.

வெளியே வேப்பமரத்தடியில் விட்ட கொடி எல்லாவற்றையும் மிஞ்சியது. அடிமரத்தைப் பற்றி ஏறி, உள்ளங்கை அளவு இலையை இரண்டு கை அகலத்துக்கு விரித்தது. ஆடு மேயும் இடமென்றால் வேலி கட்டுங்கள். இலையிலுள்ள ஊசி போன்ற படிகங்கள் அதன் வாயைப் புண்ணாக்கும்.

எந்த இடமாக இருந்தாலும் இலை கருகினால் வெயில்மேல் பழிபோடும் முன் கருகிய இடத்தைப் பாருங்கள். வெயில் சுட்ட தடம் இலையின் நடுவில், வெயில் பட்ட பக்கத்தில் மட்டும், வெளிறிய திட்டாக இருக்கும். விளிம்பும் நுனியும் பழுப்பேறினால் அது உப்பு. நம் கிணற்றுத் தண்ணீரின் உவர்ப்பு சட்டி மண்ணில் சேர்ந்துகொண்டே போகிறது. சட்டியின் வெளிச்சுவரில் வெள்ளையாகப் பூத்திருப்பது அதன் அடையாளம். அதற்காகச் செடியை நிழலுக்குத் தள்ளினால் இருக்கிற வலுவும் போய்விடும். மழைநீரையோ காவிரித் தண்ணீரையோ சட்டியின் அடித்துளை வழியே வழிந்தோடும்வரை ஊற்றி மண்ணை அலசுங்கள்.

சன்னல் மாற்றும்போது ஒரே நாளில் மாற்றக்கூடாது. நிழலில் உருவான இலை வெயிலைத் தாங்காது. இந்த ஐப்பசியில் முதல் வாடை அடித்ததும் சட்டியை எடுத்து, தெற்குச் சன்னலிலிருந்து நாலடி உள்ளே ஸ்டூலில் வைத்தேன். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு சாண் முன்னே நகர்த்தினேன். வேட்டித் திரைக்குப் பின்னால் கொடி இப்போது மூன்றாவது தளிரைச் சுருள் பிரித்துக்கொண்டிருக்கிறது.