ஸ்டார் வார்ஸ் ரெட்ரோ கலெக்‌ஷன் செட்: கீழக்கரை உப்புக்காத்துல வருஷக்கணக்கா வச்சுப் பாத்த அனுபவம்

2019ல ஹாஸ்ப்ரோ மறுபடி போட்ட ஸ்டார் வார்ஸ் ரெட்ரோ கலெக்‌ஷன் பொம்மை செட்டப் பத்தி தான் இது. லூக், லியா, ஹான் சோலோ, சூபாக்கா, டார்த் வேடர், ஸ்டார்ம்ட்ரூப்பர்னு ஆறு பேரு, ஒவ்வொருத்தரும் பிளாஸ்டிக் பபிள் ஒட்டுன தனித்தனி அட்டைல வந்தாங்க. டப்பாவ பிரிச்ச ஒடனே மார்க் போடுற ரிவ்யூ ஏகப்பட்டது இருக்கு, ஆனா எனக்குத் தெரிய வேண்டியிருந்தது வேற ஒண்ணு, கடலுக்கு ரெண்டு தெரு தள்ளி இருக்குற வீட்ல, பிள்ளைங்க கைக்கும் அலமாரிக்கும் போய்ட்டு வந்துக்கிட்டு, கச்சான் காத்தும் வாடைக்காத்தும் மாறி மாறி அடிக்கிற ஊர்ல இது எத்தன வருஷம் தாங்கும்னு. அத எழுதுனவங்க யாரையும் நான் பாக்கல. தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், ஏர்வாடின்னு நம்ம கரைல எங்க இருந்தாலும் உங்களுக்கும் இதே காத்து தான், அதனால படிங்க.

முடிவ மொதல்லயே சொல்லிடுறேன். பொம்மை நம்ம ஊருக்குத் தாங்குது, அட்டை தாங்கல.

பழைய கதை தெரியாதவங்களுக்குக் கொஞ்சம். 1977 மே மாசம் படம் வந்தப்ப, அதுக்குப் பொம்மை செய்ய வேண்டிய கென்னர் கம்பெனிகிட்ட பொம்மையே ரெடியா இல்ல, அந்தக் கிறிஸ்துமஸுக்குக் கடைல ஒரு அட்டையும் கூப்பனும் தான் வித்தாங்க, கூப்பன அனுப்பி வச்சவங்களுக்கு 1978ல லூக், லியா, சூபாக்கா, ஆர்டூ-டீடூ நாலும் தபால்ல போச்சு. காலி அட்டைய காசு குடுத்து வாங்கி மாசக்கணக்கா காத்துக் கெடந்துருக்காங்க. அப்பறம் தான் மொத்தம் 12 பொம்மையா கடைக்கு வந்துச்சு. உயரம் 3.75 இஞ்ச், நம்ம கணக்குல 9.5 சென்டிமீட்டர் சுமாரா. அதுக்கு முன்னாடி ஜி.ஐ.ஜோன்னு வந்த சிப்பாய் பொம்மை எல்லாம் 12 இஞ்ச்ல இருந்தது, அந்த சைஸுக்கு விண்கலம் செய்யணும்னா யாரும் வாங்க முடியாத வெலை ஆயிரும், பொம்மைய சின்னதா ஆக்குனதால தான் அது ஏறி உக்கார்ற மாதிரி கலத்தையும் விக்க முடிஞ்சது. 1982ல ஜி.ஐ.ஜோவும் இதே உயரத்துக்கு வந்துச்சு, நம்ம ஊர்ப் பிள்ளைங்க கைக்கு ஃபன்ஸ்கூல் வழியா வந்து சேந்தது அந்த ஜி.ஐ.ஜோ தான். கென்னர் பேரு 1991லருந்து ஹாஸ்ப்ரோகிட்ட இருக்கு, அதனால ரெட்ரோ அட்டைல கென்னர் லோகோ அப்படியே இருக்கும், போட்டோவும் பழையது மாதிரியே, அட்டை தேஞ்சு போன மாதிரி கீறல் கூட அச்சுலயே போட்டுருப்பாங்க.

என் செட்ட துபாய்லருந்து காக்கா (எங்க அண்ணன்) கொண்டாந்தது. அமெரிக்கால ஒண்ணு 10 டாலர் கிட்ட வித்தது, இங்க ஆன்லைன்ல கேக்குற வெலை அதுக்குப் பல மடங்கு, அதனால வெளிநாட்ல ஆள் இருந்தா அப்படி வாங்குறது தான் நல்லது. ஒண்ணு மட்டும் அப்பறமா இங்கயே ஒரு கடைல ஆர்டர் போட்டேன், பேரு வேணாம், பப்புள் ராப் இல்லாம வெறும் கவர்ல போட்டு அனுப்பி அட்டை நடுவுல மடிஞ்சே வந்துச்சு. உள்ள இருந்த ஹானுக்கு ஒண்ணும் ஆகல.

பொம்மை எப்படி? கையும் காலும் முன்ன பின்ன ஆடும், முழங்கையும் முழங்காலும் மடங்காது. மூஞ்சில நுணுக்கம் கம்மி, ரெண்டு புள்ளி கண்ணு. 2010லருந்து வர்ற விண்டேஜ் கலெக்‌ஷன் இதே உயரம் தான், அதுல எல்லா மூட்டும் மடங்கும், பாக்கவும் படத்துல வர்ற ஆள் மாதிரியே இருக்கும், அதோட ஒப்பிட்டு ரெட்ரோவ மட்டமா பேசுறவங்க உண்டு. எனக்கு அதுல சுத்தமா உடன்பாடு இல்ல. இந்தக் கம்மியான வடிவத்துல தான் பிள்ளைங்க கதை சேருது, லூக்கோட வாள் படத்துல நீலம், பொம்மைல மஞ்சள், கென்னர் அன்னைக்கு மஞ்சள்ல போட்டாங்க, இதுலயும் மஞ்சளாவே விட்டுருக்காங்க, கைக்குள்ளருந்து தள்ளுனா அந்த வாள் நீளும் பாருங்க, அதுல இருக்குற சந்தோஷம் முப்பது மூட்டு இருக்குற பொம்மைல எனக்குக் கெடச்சதில்ல.

சரி, உப்புக்கு வர்றேன். உப்புக்கு ஒரு குணம், காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தத் தாண்டுனா தானா தண்ணிய இழுத்துக் கசிய ஆரம்பிச்சுரும், நம்ம கரைல ராத்திரி ஆனா ஈரம் அதுக்கு மேல தான். அதனால இங்க அலமாரில படியிற தூசி வெறும் தூசி கெடையாது, உப்பு கலந்த பிசுக்கு, காலைல தொடச்சா சாயங்காலம் திரும்ப ஒட்டும். இரும்பு இருக்குற எந்தப் பொருளுக்கும் இது எமன். 1914ல தெறந்த பாம்பன் ரயில் பாலத்துலயே துருவால 2022 டிசம்பரோட ரயில நிப்பாட்டி, 2025 ஏப்ரல்ல புதுப் பாலம் தெறந்தாச்சு, பொம்மைக்குள்ள இருக்குற ஸ்க்ரூ எம்மாத்திரம். பழைய ஜி.ஐ.ஜோ டிசைன்ல முதுகுல ஒரு ஸ்க்ரூ, இடுப்புக்குள்ள ஒரு கொக்கி, ரெண்டையும் இழுத்துப் பிடிக்க ஒரு ரப்பர் வளையம், ரப்பருக்கு வயசானா அறுந்து ஆள் ரெண்டா பிரிஞ்சுருவான், ஸ்க்ரூ துருப்பிடிச்சுட்டா பிரிச்சு மாத்தவும் முடியாது. ரெட்ரோ செட்ல ஸ்க்ரூ, கொக்கி, ரப்பர் எதுவும் கண்ணுல படல, முழுக்க பிளாஸ்டிக். மூட்டு கம்மியா இருக்குறதும் இங்க லாபம், பிசுக்கு போய் உக்கார்ற எடம் கம்மி. ஆறு பொம்மையோட கை காலும் இன்னைக்கும் சுத்தமா திரும்புது.

அட்டை கதை வேற. ஆரம்பத்துல ரெண்டு அட்டைய பிரிக்காம வச்சுருந்தேன், வாடைக்காத்து காலம் ஒண்ணு முடியறதுக்குள்ள ரெண்டும் பின்பக்கமா வளஞ்சு நின்னுச்சு, பபிள் ஒட்டுன ஓரம் மேல லேசா விட ஆரம்பிச்சுருச்சு. அட்டை ஈரத்த குடிக்கும், விடும், திரும்ப குடிக்கும், பபிள் பிளாஸ்டிக்கு அப்படி நீளாது சுருங்காது, நடுவுல மாட்டிக்கிட்டு பசை தான் பிச்சுக்கும். ஏசி ரூம்ல வச்சா சரியாயிரும்னு சொல்றாங்க, நாள் முழுக்க ஓடுற ஏசின்னா சரி, ராத்திரி மட்டும் ஓடி பகல்ல நிக்கிற ஏசினா அந்த ஏத்த எறக்கமே அட்டைக்குக் கேடு. சீல் பிரிக்காம பத்து வருஷம் கழிச்சு விக்கலாம்னு கணக்குப் போட்டு வாங்குறவங்க மதுரைலயோ கோயம்புத்தூர்லயோ இருக்குற சொந்தக்காரங்க வீட்ல வைங்க. இங்க வேணாம்.

அடுத்தது தான் ரொம்ப முக்கியம், கொஞ்சம் பொறுமையா படிங்க. உப்பு உள்ள போகக்கூடாதுன்னு காத்துப் புகாத டப்பாவுல போட்டு மூடிறலாம்னு தான் எல்லாருக்கும் தோணும். ஆனா லியாவோட அங்கி, வேடரோட மேலாடை மாதிரி வளையிற வினைல்ல, அது மெத்துன்னு இருக்கறதுக்காகவே ஒரு எண்ணெய் மாதிரி சமாச்சாரம் சேத்துருப்பாங்க, அது வருஷம் ஆக ஆக மெல்ல வெளிய வரும், சூட்டுல இன்னும் வேகமா வரும். அடைச்சே வச்சா போக எடமில்லாம மேலயே தங்கி தொட்டா பிசுபிசுன்னு ஆயிரும், பக்கத்துல இருக்குற பெயிண்ட்டையும் எளக்கிரும். தெறந்து வச்சா உப்பு, மூடி வச்சா பிசுக்கு, இதுக்கு நடுவுல தான் நாம பொழைக்கணும். நான் செய்யுறது இது தான். மேலாடைய கழட்டி வெள்ளைப் பேப்பர்ல சுத்தித் தனியா வைக்கிறேன். பொம்மைய மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவுல சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு வைக்கிறேன், நீலத்துலருந்து பிங்க் ஆகுற ஜெல்ல கோபால்ட் உப்பு இருக்கு, பிள்ளைங்க இருக்குற வீட்ல அது வேணாம், ஆரஞ்சு நெறத்துது வாங்குங்க. மழை இல்லாத நாளாப் பாத்து காலைல பத்து பதினோரு மணிக்கு, கடக்காத்து ஏறுறதுக்கு முன்னாடி, டப்பாவ தெறந்து நெழல்ல கொஞ்ச நேரம் ஆற விட்டுட்டு மூடிருவேன். இத வழக்கமா வச்சதுலருந்து வேடர் மேலாடை ஒட்டவே இல்ல.

கழுவலாமா? தாராளமா. ஆனா போர் தண்ணில வேணாம், நம்ம ஊர் போர் தண்ணி காஞ்சா வெள்ளையா படிஞ்சுரும், சூபாக்காவோட முடி வரிக்குள்ள அது போய் உக்காந்தா எடுக்கவே முடியாது. காவிரித் தண்ணி வர்ற அன்னைக்கு ஒரு கிண்ணத்துல புடிச்சு, ஒரு சொட்டு ஷாம்பு, பிள்ளைங்க பல் தேய்க்கிற மெது பிரஷ், அவ்வளவு தான். “குடிக்கிற தண்ணியில பொம்மைய குளிப்பாட்டுறியே வாப்பா”ன்னு உம்மா சத்தம் போடும், அப்பறம் அதுவே துண்டு எடுத்துக்கிட்டு வந்து ஒவ்வொண்ணா தொடச்சு வைக்கும்.

வெள்ளை பிளாஸ்டிக் வெயில்ல மஞ்சளாகும், பழைய கென்னர் ஸ்டார்ம்ட்ரூப்பர் நெறைய பேருகிட்ட பல்லு மாதிரி பழுத்துப் போய் இருக்கும். என்னோடத ஜன்னல் வெளிச்சம் நேரா விழாத எடத்துல வச்சுருக்கேன், இப்ப வரைக்கும் வெள்ளையா தான் இருக்கு. ஹைட்ரஜன் பெராக்சைடுல ஊறப்போட்டு வெளுக்க வைக்கிறதப் பத்தி கேப்பீங்க, வெளுக்கும், ஆனா திரும்ப மஞ்சளாக வாய்ப்பு இருக்கு, பிளாஸ்டிக்கும் நொறுங்குற மாதிரி ஆகலாம். நான் அந்தப் பக்கம் போகல.

சித்திரை வெயில்ல ஹானோட கால் லேசா வளஞ்சு நிக்க முடியாம சாஞ்சுச்சு. சுடுதண்ணில ஒரு நிமிஷம் காட்டி, கையால நேராக்கி, ஒடனே ஐஸ் தண்ணில முக்குனேன், நேரா நின்னுச்சு. லூக்கோட மஞ்சள் வாள் நுனி மெல்லிசு, லாத்தா (அக்கா) மகன் அத நீட்டி நீட்டி வளச்சுட்டான், அதுக்கும் இதே வைத்தியம் தான். அவனுக்கு அந்தப் படம் எதுவும் தெரியாது, லியாவையும் சூபாக்காவையும் வல்லத்துல ஏத்தி மீன் பிடிக்க அனுப்புறான், வேடர் தான் அவனுக்கு சம்மாட்டி, அதாவது வல்லத்து மொதலாளி. இப்படி வெளையாடக் குடுக்க முடியுறதே மறுவெளியீட்டோட பெரிய குணம்னு நான் சொல்லுவேன், 1978 ஒரிஜினல் வச்சுருக்குறவங்க யாரும் பிள்ளை கைல தர மாட்டாங்க.

பழசு புதுசு கொழப்பத்துக்கு வர்றேன். ரெட்ரோவ அட்டைலருந்து எடுத்து பழைய கென்னர்னு சொல்லி விக்கிற ஆள் உண்டு, கால் பின்பக்கம் திருப்பிப் பாருங்க, ஒரிஜினல் முதல் வரிசைல ஜி.எம்.எஃப்.ஜி.ஐ 1977ன்னு பொடி எழுத்து இருக்கும், அது இல்லன்னா வெலைய பேசாதீங்க. துப்பாக்கிக்குத் தண்ணி சோதனை ஒண்ணு சொல்லுவாங்க, பழசு பெரும்பாலும் மெதக்கும், டூப்ளிகேட் நெறைய முங்கும். எல்லாத்துக்கும் பொருந்தாது, ஆனா செஞ்சு பாக்குறதா இருந்தா நல்ல தண்ணில செய்யுங்க, கடத்தண்ணி கனமானது, முங்க வேண்டியதும் அதுல மெதந்துரும்.

இந்த ஆறு போக, எஸ்கேப் ஃப்ரம் டெத் ஸ்டார் போர்டு கேம் மறுபதிப்போட, படத்துல வில்லன்ல ஒருத்தரான டார்கின் பொம்மை ஒண்ணு வந்துச்சு, கென்னர் அந்தக் காலத்துல அவர செய்யவே இல்ல, அதனால அது ரெட்ரோ வரிசைக்காகப் புதுசா செஞ்ச ஆளு. எனக்கு அது இன்னும் கெடைக்கல, தேடிக்கிட்டு இருக்கேன்.

வாங்குறதா இருந்தா, அட்டை மடிஞ்சது, ஓரம் கிழிஞ்சதுன்னு வெலை கொறச்சு போட்டுருக்குறதா பாத்து எடுங்க, நம்ம ஊருக்கு வந்தா எந்த அட்டையும் அந்த நெலைக்கு வரத்தான் போகுது. உள்ள ஆயுதம் இருக்கா, மேலாடை இருக்கான்னு போட்டோ கேட்டு வாங்குங்க, அது தொலைஞ்சா தனியா கெடைக்கிறது கஷ்டம்.