தொலைபேசிக் கூட்டத்தில் கேள்விகள்: நேரடி வரிசையா, எழுதி அனுப்புவதா?

நூறு பேர் இணைப்பில் இருக்கையில் எல்லாருடைய மைக்கும் திறந்திருந்தால் இரைச்சல்தான் மிஞ்சும். அதனால் கேள்வி கேட்க இரண்டு வழிகள்: ஒவ்வொருவராக அழைத்துப் பேசவிடும் நேரடி வரிசை, அல்லது கேள்வியை எழுதி அனுப்புவது.

நேரம்: நேரடி என்றால், பெரும்பாலும் போனில் ஸ்டார் (*), 1 அழுத்தி வரிசையில் சேர்ந்து காத்திருக்க வேண்டும், பெயர் சொல்லி அழைத்த பிறகும் சிலர் மியூட்டை எடுக்க மறந்துவிடுவார்கள். எழுத்தில், ஒரே கேள்வி ஐந்து பேரிடமிருந்து வந்தால் ஒன்றாக்கிவிடலாம்.

நம்பிக்கை: இங்கே நேரடி வரிசைதான் ஜெயிக்கிறது. கேட்பவரின் குரல் எல்லார் காதிலும் விழும். பதிலை மழுப்பினால் உடனே துணைக்கேள்வி வரும். எழுதியதை நடத்துநர் வடிகட்டும்போது, சங்கடமான கேள்வியை ஒதுக்கிவிட்டாரோ என்ற சந்தேகம் எழுவது இயல்பு.

செலவு: வரிசைக்குப் பெரும்பாலும் ஆபரேட்டர், அதாவது கேட்பவர்களை முறைப்படி இணைத்துவிடும் ஒருவர், தேவை. எழுத்துக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி போதும்.

நிதிநிலை, சம்பளம் போன்ற விஷயங்களுக்கு நேரடி வரிசையே நியாயம். பயிற்சி வகுப்புக்கு எழுத்து போதும். முந்தைய நாளே கேள்விகளை வாங்கிவிடுங்கள்.