பழைய டைனமோ: கட்டி ஓட்டுவதா, கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் போடுவதா?

அம்பாசடர் மார்க் 2-ஓ, பத்மினியோ, ஹெரால்டோ, எதைப் புதுப்பித்தாலும் தகர வேலையும் பெயின்ட்டும் முடிந்தபின் இழுத்தடிப்பது சின்ன மோட்டார்கள்தான். பேட்டரிக்குச் சார்ஜ் தரும் டைனமோ, எஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார், வைப்பர் மோட்டார். இருப்பதையே பிரித்துக் கட்டலாம், வேறு வண்டிச் சாமானை மாட்டலாம், கோவை உக்கடம் பழைய சாமான் கடைகளில் இன்னொரு பழசைத் தேடலாம். கடைசி வழி, தேய்ந்ததைக் கொடுத்துத் தேய்ந்ததை வாங்குகிற கதை. மூடி, போல் ஷூ (கூட்டின் உள்சுவரில் காயிலைத் தாங்கும் இரும்புத் துண்டு) மாதிரி உதிரிக்கு மட்டும் வாங்குங்கள்.

டைனமோவின் இடத்துக்குப் பின்னாளில் வந்த ஆல்டர்னேட்டருக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். லூகாஸ் சி40 வகை டைனமோ முழு வேகத்தில் தருவதே 22 ஆம்பியர். ஐட்லிங்கில் சார்ஜ் ஏறாது, சிவப்பு விளக்கு மினுக்கும். மழை ராத்திரியில் ஹெட்லைட்டும் வைப்பரும் ஓட பர்லியாறு வளைவுகளில் இரண்டாம் கியரில் ஏறும்போது பேட்டரிதான் கரையும். ஆல்டர்னேட்டரில் அந்தக் கவலை இல்லை. பாசிட்டிவ் எர்த் வண்டியாக (பேட்டரியின் பிளஸ் முனை பாடியில் இணைந்தது) இருந்தால் மட்டும் முதலில் எர்த்தை மாற்ற வேண்டும். மறந்தால் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடு அந்த நொடியே போகும்.

அப்படியும் நான் சாய்வது கட்டி ஓட்டும் பக்கம். காரணம் ஒன்றுதான்: திரும்பத் திறக்க முடியும். சி40-ல் பின்மூடியைப் பிடித்திருப்பவை இரண்டு நீள போல்ட்கள். அவற்றைக் கழற்றினால் உள்ளே சுற்றும் ஆர்மேச்சர் கைக்கு வந்துவிடும். தேயக்கூடியவை உள்ளே மிகக் குறைவு: முன்பக்கம் ஒரு பால் பேரிங், பின்பக்கம் ஷாஃப்ட்டைத் தாங்கும் ஒரு புஷ், இரண்டு கார்பன் பிரஷ். பத்து வருஷம் கழித்தும் இதே வேலையை இதே மாதிரி செய்யலாம். இப்போது வரும் சின்ன மோட்டார்களில் பலவும் கூட்டை மடித்து அடைத்தவை. கெட்டால் முழுசாகத் தூக்கிப் போடவேண்டியதுதான்.

ஆனால் கட்டுவதில் எங்கே தவறு நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். கடையில் மோட்டாரைப் பிரித்ததும், கருகிய நிறத்தைக் காட்டி, "காயில் போயிருச்சுங்ணா, கட்டிரலாமுங்க" என்பார்கள். காயில் போனது உண்மையாகவே இருக்கலாம். ஏன் போனது என்பதற்குப் பதில் பெரும்பாலும் அந்தச் சின்ன புஷ்ஷில் இருக்கும். புஷ் தேய்ந்தால் ஆர்மேச்சர் ஒருபக்கம் தாழ்ந்து போல் ஷூவில் உரசும். இரும்புத் தகடுகளின் மேல் பளபளவென்று ஒரு தேய்ந்த பட்டை தெரிந்தால் அதுதான் சாட்சி. ஷாஃப்ட் ஆட ஆட பிரஷ் துள்ளும், பொறி பறக்கும், பிரஷ் உரசும் செம்புப் பட்டை வளையமான கம்யூட்டேட்டர் கருகும், சூட்டில் ஈயப்பற்று உருகித் தெறிக்கும். புஷ்ஷைத் தொடாமல் காயிலை மட்டும் கட்டினால் அதே கணக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

லேத்காரரிடம் சொன்னால் கன்மெட்டலில் பத்து நிமிடத்தில் ஒரு புஷ் கடைந்து தருவார். அது வேண்டாம். கம்பெனி போட்டது எண்ணெய் உறிஞ்சும் நுண்துளை வெண்கலம். பேரிங் கடைகளில் அளவு சொல்லிக் கேளுங்கள். மாட்டுவதற்கு முன் எஸ்ஏஇ 30 எஞ்சின் ஆயிலில் 24 மணி நேரம் ஊறவேண்டும். அவசரமென்றால் 100 டிகிரியில் 2 மணி நேரம் வைத்து, அந்த எண்ணெயிலேயே ஆறவிடுங்கள். ஷாஃப்ட் அளவுக்குப் பளபளப்பாகக் கடைந்த கம்பியைக் கோர்த்து அழுத்தி ஏற்ற வேண்டும். ஏற்றியபின் துளையைச் சுரண்டிப் பெரிதாக்கும் ரீமர் போட்டால் துளைகள் அடைபட்டு, ஊறவைத்ததற்கே பலனில்லை. ஓடும்போது பின்மூடித் துளையில் இரண்டு சொட்டு போதும். தாராளம் காட்டினால் எண்ணெய் கம்யூட்டேட்டருக்குத்தான் போய்ச்சேரும்.

காயில் கட்டியே ஆகவேண்டுமா? 1937-லேயே மோட்டார் செய்த ஊர் கோவை. பீளமேடு, கணபதி பக்கம் பம்ப் மோட்டார் கட்டும் கைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பம்ப் மோட்டாரின் ஸ்டேட்டர் நின்ற இடத்தில் நிற்பது, ஆர்மேச்சரோ சுற்றுவது. பழைய கம்பியை வெட்டுவதற்கு முன் சுற்று எண்ணிக்கை, கம்பியின் கேஜ், எந்தப் பள்ளத்துக் காயிலின் நுனி எந்தச் செம்புப் பட்டையில் முடிகிறது, மூன்றையும் தாளில் எழுதச் சொல்லுங்கள். ஒரு பட்டை தள்ளிப் பற்றவைத்தாலும் பொறி நிற்காது. லாரி செல்ஃப் பார்த்துப் பழகிய நாமக்கல், சங்ககிரி ஆட்டோ எலக்ட்ரீஷியன்களுக்கு இது கைவந்த வேலை. வார்னிஷ் தோய்த்தால் மட்டும் போதாது, ஓவனில் சுட்டிருக்க வேண்டும். வெயிலில் காயவைத்தது சுற்றும்போது பிரியும்.

அடுத்தது, செம்புப் பட்டைகளைத் தனித்தனியே பிரித்து வைக்கும் மைக்கா. டைனமோ கம்யூட்டேட்டரைக் கடைந்தபின் பட்டைகளுக்கு நடுவே மைக்காவை 0.8 மில்லிமீட்டர் தாழ்த்த வேண்டும்; பக்கவாட்டில் பல்லைத் தேய்த்த ஹேக்ஸா பிளேடு போதும். அதே சூட்டில் செல்ஃப் மோட்டாருக்கும் வெட்டிவிடுவார்கள். பழைய லூகாஸ் செல்ஃப்பில் வெட்டவே கூடாது. அதன் பிரஷ்ஷில் செம்பு அதிகம், தூள் பள்ளத்தில் தங்கினால் பட்டைக்குப் பட்டை ஷார்ட் ஆகும்.

காசு கொடுக்கும் முன் கடையிலேயே பாருங்கள். ஆர்மேச்சரைக் குரௌலரில் (ஷார்ட் கண்டுபிடிக்கும் மின்காந்தக் கருவி) வைத்து மேலே பிளேடைப் பிடித்தால், ஷார்ட் உள்ள பள்ளத்தில் அது படபடவென்று அதிரும். ஃபீல்டு காயில் 6 ஓம் சுமாருக்குக் காட்ட வேண்டும். டைனமோவின் எஃப் (ஃபீல்டு), டி (டைனமோ) முனைகள் இரண்டையும் இணைத்து 12 வோல்ட் கொடுத்தால் டைனமோ மோட்டாராகச் சீராகச் சுற்ற வேண்டும். வண்டியில் ஏற்றி பெல்ட் மாட்டியதும், வயர்களை இணைக்கும் முன் பேட்டரியின் எர்த் அல்லாத முனையிலிருந்து ஒரு வயரை எஃப் முனையில் கணநேரம் தொட்டு எடுங்கள். அதைச் செய்யாமல் விட்டால் எதிர்த்திசையில் சார்ஜ் ஆகி, சார்ஜை முறைப்படுத்தும் கட்டுப்பாட்டுப் பெட்டியின் காண்டாக்ட் ஒட்டிக்கொள்ளும்.

வைப்பருக்கும் இதே சாய்வுதான். மாருதி மோட்டாரை மாட்டுபவர்கள் உண்டு. பழைய வண்டிகள் பலவற்றில் கண்ணாடியடியில் ஓடி வைப்பரை அசைக்கும் பல்கம்பிக்கும் அதற்கும் பொருந்தாமல் புது பிராக்கெட், புது லிங்க் என்று வேலை நீளும், துடைக்கும் கோணமும் மாறும். பழைய மோட்டார் மெதுவாக ஓடினால் மோட்டாரைக் குறை சொல்லுமுன் பல்கம்பியைக் கழற்றி விட்டு ஓட்டிப் பாருங்கள். தனியாக நன்றாக ஓடினால், குழாயில் இறுகிய கிரீஸ்தான் காரணம். மண்ணெண்ணெயில் கழுவிப் புது கிரீஸ் போடுங்கள். நிரந்தரக் காந்தம் வைத்த பிந்தைய வகைகளில் என் கை அவ்வளவு பழகியதில்லை. காந்தம் விரிசல் விட்டிருந்தால் அங்கே மாற்றிப்போடுவதே மேல்.

ராத்திரிப் பயணமே அதிகம் என்பவர் ஆல்டர்னேட்டர் போட்டால் மறுக்க மாட்டேன். கழற்றிய டைனமோ, பிராக்கெட், புல்லி, கட்டுப்பாட்டுப் பெட்டி எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டி அட்டத்தில் போட்டு வையுங்கள். வண்டியை வாங்க வருபவர் முதலில் கேட்பது அதைத்தான்.