சிதறிக் கிடக்கும் சீட்டுகளை எங்கே வைத்துக் கூட்டுவது?

குலசேகரம், திருவட்டார், அருமனை, களியல் வட்டாரத்தில் ரப்பர் பால் வாங்கும் ஒரு வியாபாரியின் கணக்கு மென்பொருளை நாகர்கோவிலில் இருந்து நாங்கள் பராமரிக்கிறோம். தரவு முழுவதும் மைக்ரோசாஃப்டின் அஸூர் மேகச் சேவையில் உள்ள காஸ்மாஸ் டிபி என்ற தரவுத்தளத்தில் இருக்கிறது. ஒவ்வொரு கொள்முதல் சீட்டும் அதில் ஓர் ஆவணம்; ஓர் ஆவணம் எந்தப் பிரிவில் (பார்ட்டிஷனில்) போய் அமரும் என்று தீர்மானிக்கும் பார்ட்டிஷன் கீ, விவசாயியின் எண். ஒரு விவசாயி தன் பற்றுவரவைக் கேட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்துவிடும். ஆனால் முதலாளி கேட்பது வேறு. "இன்றைக்கு எல்லாக் கடையிலும் சேர்த்து உலர் எடை எவ்வளவு?" (பாலில் உள்ள நீர் போக மிஞ்சும் ரப்பரின் எடையே உலர் எடை.) அந்தக் கேள்விக்கு எந்த ஒரு பார்ட்டிஷனிலும் முழுப் பதில் கிடையாது. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது.

வழிகள் மூன்று. மூலத் தரவின் மீதே கூட்டு வினவலை (மொத்தம் கேட்கும் கேள்வியை) ஓட்டலாம். அதே சீட்டுகளை வேறு கீயுடன் இன்னொரு கன்டெய்னருக்கு (ஆவணங்களின் தொகுப்புக்கு) நகலெடுத்து அங்கே கூட்டலாம். அல்லது நெடுவரிசை முறையில் சேமிக்கும் பகுப்பாய்வுக் களஞ்சியத்துக்கு அனுப்பி, அங்கிருந்து அறிக்கை எடுக்கலாம். நாங்கள் இரண்டாவதில் நிற்கிறோம். இந்த அலசலும் அந்தப் பக்கமே சாயும். வேகத்தையும் விலையையும் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எங்கள் விஷயத்தில் தீர்மானித்தது திருத்தம்தான். நேற்றைய சீட்டு ஒன்று இன்று மாறினால் நேற்றைய மொத்தத்தை யார் சரிசெய்வது?

ரப்பர் பால் கணக்கில் இது எப்போதாவது வரும் சங்கடம் அல்ல, அன்றாடம். பால் கடைக்கு வரும்போது எடை தெரியும். அதில் உலர் ரப்பர் எத்தனை சதவீதம் என்பதை மெட்ரோலாக் கருவியை முக்கி உத்தேசமாகத்தான் சொல்ல முடியும். மாதிரியை ஆய்வகத்தில் உறையவைத்து உலர்த்தி எடை போட்ட பிறகே சரியான உலர் ரப்பர் சதவீதம் (டி.ஆர்.சி.) வரும், அப்போது சீட்டு திருத்தப்படும். இதோடு பேச்சிப்பாறை, கோதையாறு பக்கம் சிக்னல் கிடைக்காத இடங்களில் சீட்டுகள் கைபேசியிலேயே தங்கி, மறுநாள்கூட வந்து சேரும். ஆகவே 'முடிந்த நாள்' என்று எதையும் நம்பிப் பூட்டிவிட முடியாது.

முதல் வழியின் பெரிய பலம், புதிதாகக் கட்ட வேண்டியது எதுவும் இல்லை என்பது. வினவல், தரவுத்தளங்களின் வழக்கமான மொழியான எஸ்.க்யூ.எல். சாயலிலேயே இருக்கும். எண்ணும் கவுன்ட், கூட்டும் சம், சராசரி எடுக்கும் ஆவரேஜ் எல்லாம் உண்டு. 2019-இல், வகைவாரியாகப் பிரித்துக் கூட்டும் குரூப் பை வசதியும் சேர்ந்தது. வினவலில் பார்ட்டிஷன் கீ இல்லை என்றால் அது எல்லா ஃபிசிகல் பார்ட்டிஷன்களுக்கும் (தரவு உண்மையில் தங்கும் சேமிப்பு அலகுகளுக்கும்) போகும். ஒவ்வொன்றும் தன் பங்குத் தொகையை அனுப்பும். அந்தத் துண்டுகளை ஒன்றுசேர்ப்பது நம் நிரலோடு ஓடும், காஸ்மாஸ் டிபியுடன் பேசும் உதவி நிரலான எஸ்.டி.கே. சராசரி கேட்டால் ஒவ்வொரு பார்ட்டிஷனில் இருந்தும் தொகையும் எண்ணிக்கையும் தனித்தனியாக வந்து, கடைசியில்தான் வகுக்கப்படும்.

இந்த வழியைப் பற்றி வெளியே உலவும் பயம் கொஞ்சம் மிகை. ஒரே கீ உள்ள ஆவணங்கள் சேர்ந்தது ஒரு லாஜிக்கல் பார்ட்டிஷன்; ஒரு விவசாயிக்கு ஒன்று என்பதால் ஆயிரக்கணக்கில் பார்ட்டிஷன்கள் இருப்பதுபோலத் தோன்றும். உண்மையில் ஒரு ஃபிசிகல் பார்ட்டிஷன் 50 ஜிபி வரை தாங்கும், வினாடிக்கு 10,000 ஆர்.யு. (வேலையையும் கட்டணத்தையும் அளக்கும் அலகு) வரை கொடுக்கும். அதற்குள் அடங்கும் தரவு பெரும்பாலும் ஒரே ஃபிசிகல் பார்ட்டிஷனில்தான் இருக்கும். வினவல் நாலாபக்கமும் ஓட வேண்டியதே இல்லை. எங்கள் அளவுள்ள கடைக்கணக்குக்கு முதல் வழி முடியாத காரியம் அல்ல என்பதை ஒப்புக்கொண்டுதான் மேலே போக வேண்டும்.

செலவு வேறு இடத்தில் ஏறுகிறது. ஒரு கிலோபைட் ஆவணத்தை அதன் ஐடியும் கீயும் சொல்லி நேரடியாக எடுத்தால் 1 ஆர்.யு. கூட்டு வினவலுக்கு அப்படி ஒரு நிலையான விலை கிடையாது. விடை ஒரே ஓர் எண்ணாக இருந்தாலும், கணக்கில் சேர்ந்த சீட்டுகள் எத்தனையோ அதைப் பொறுத்துக் கட்டணம் ஏறும். முதலாளி கைபேசியில் திரையை இழுத்து விடும்போதெல்லாம் மாத மொத்தம் முதலில் இருந்து கூட்டப்படும். அதுவும் எப்போது? பால் வந்து சீட்டுகள் குவியும் முற்பகலில். ஒதுக்கிய ஆர்.யு.வை அறிக்கை தின்றுவிட, சீட்டு எழுதும் கடைக்காரருக்கு 429 என்ற மறுப்பு போகும். எஸ்.டி.கே. சற்றுப் பொறுத்து மீண்டும் முயலும் என்றாலும், பேரல்களோடு வரிசையில் நிற்பவருக்கு அது ஆறுதல் இல்லை.

எந்த வழிக்கும் பயன்படும் இரண்டு விஷயங்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எடையையும் டி.ஆர்.சி.யையும் பெருக்கிக் கூட்டும் வேலையை வினவலில் வைக்காதீர்கள். சீட்டு எழுதும்போதே உலர் எடையைத் தனிப் புலமாக எழுதிவிட்டால், கடை, தேதி, உலர் எடை என்ற வரிசையில் கூட்டுக் குறியீடு (தேடலை விரைவாக்கும் இன்டெக்ஸ்) ஒன்றைப் போட்டு அந்தத் தொகையைக் குறியீட்டில் இருந்தே எடுக்க வாய்ப்பு உண்டு. உலர் எடையைச் சேமிப்பதில் இன்னொரு லாபம், சராசரி பொய் சொல்லாது. 30 சதவீதத்தில் 100 கிலோ, 42 சதவீதத்தில் 20 கிலோ என்று இரண்டு சீட்டுகள் வந்தால் ஆவரேஜ் 36 என்று காட்டும். உலர் எடை 30 கிலோவும் 8.4 கிலோவும், 120 கிலோவுக்கு 38.4, அதாவது 32 சதவீதம். அந்த நான்கு சதவீத வித்தியாசம் 4.8 கிலோ ரப்பர். கடையில் யாரும் அதைச் சிரித்துக்கொண்டு விட்டுவிட மாட்டார்கள்.

இரண்டாவது, எண் எண்ணாகவே இருக்க வேண்டும். ஏதோ ஒரு பழைய கைபேசிச் செயலி 14.2 என்பதை மேற்கோள் குறிக்குள் எழுத்தாக அனுப்பிவிட்டால், காஸ்மாஸ் டிபியில் சம் அந்த ஒரு சீட்டை மட்டும் ஒதுக்கிவிட்டுப் போகாது; மொத்த விடையே வரையறையற்றதாகிவிடும். பிழைச் செய்தி கிடையாது, திரையில் வெற்றிடம் மட்டும். புலமே இல்லாத ஆவணம் இருந்தால் அப்படி ஆகாது, அதைச் சத்தமில்லாமல் தாண்டிவிடும். இரண்டில் எது ஆபத்தானது என்று கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன். வெற்றிடத்தைப் பார்த்தால் யாராவது தொலைபேசியில் கூப்பிடுவார்கள். குறைந்த மொத்தத்தைப் பார்த்தால் மழையால் பால் குறைந்தது என்று நினைத்துக்கொள்வார்கள்.

இனி நாங்கள் எடுத்த வழி. முன்கூட்டியே கூட்டி வைப்பது என்றதும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ஓடும் கணக்கு: நாளுக்கும் கடைக்கும் ஓர் ஆவணம், ஒவ்வொரு சீட்டு வரும்போதும் அதில் எடையைக் கூட்டிக்கொண்டே போவது. காஸ்மாஸ் டிபியில் சேஞ்ச் ஃபீட் என்ற வசதி, புதிதாக எழுதப்பட்டதும் மாறியதுமான ஆவணங்களை வரிசையாகத் தரும். அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு சிறு நிரல் போதும். பார்க்க அழகாக இருக்கும். ரப்பர் பாலுக்கு ஒத்துவராது.

காரணம் மூன்று. வழக்கமான முறையில் சேஞ்ச் ஃபீட் ஆவணத்தின் இப்போதைய உருவத்தை மட்டுமே தரும். பழைய மதிப்பு அதில் இராது. டி.ஆர்.சி. 34-இல் இருந்து 31 ஆகத் திருத்தப்பட்டால், எவ்வளவு கழிக்க வேண்டும் என்று நிரலுக்குத் தெரியாது. அடுத்து, அது ஒவ்வொரு மாற்றத்தையும் குறைந்தது ஒருமுறை தருவதாகத்தான் உறுதி சொல்கிறது. நடுவில் நிரல் விழுந்து எழுந்தால் அதே சீட்டு இரண்டாம் முறை வரும். ஓடும் கணக்கு இரண்டு தடவை கூட்டிவிடும். மூன்றாவது, அழிப்பு அதில் தெரியாது. எல்லாப் பதிப்புகளையும் அழிப்புகளையும் தரும் இன்னொரு முறை உண்டு. அதற்குத் தொடர் பேக்கப்பை இயக்கியிருக்க வேண்டும், பேக்கப் காலத்துக்கு முந்தைய மாற்றங்கள் கிடைக்காது. நாங்கள் அந்த முறையைப் பரீட்சை அளவில்தான் தொட்டிருக்கிறோம்.

ஆகவே தொகையை நகலெடுக்காமல் சீட்டையே நகலெடுக்கிறோம். இரண்டாவது கன்டெய்னரின் பார்ட்டிஷன் கீ, கடையும் தேதியும் சேர்ந்தது: 'அருமனை-2025-01-14' என்பதுபோல. மூலத்தில் சீட்டு மாறியதும் நிரல் அதே ஐடியில் நகலை மேலெழுதுகிறது. ஒரே சீட்டு பத்து முறை வந்தாலும் நகல் ஒன்றுதான். திருத்தம் வந்தால் பழையது போய்ப் புதியது நிற்கும். கழித்தல் கணக்கே தேவைப்படாது. மொத்தம் கேட்கும்போது அந்த ஒரு லாஜிக்கல் பார்ட்டிஷனுக்குள் மட்டும் சம் ஓடுகிறது. ஒரு கடையின் ஒரு நாள் சீட்டுகள் எத்தனை இருந்துவிடப் போகின்றன? சிறு வினவல், சிறு செலவு. கூட்டுவதற்கு முதல் வழியில் இருந்த அதே வினவலைத்தான் பயன்படுத்துகிறோம் என்பதைக் கவனியுங்கள். இடம் மட்டும்தான் மாறியிருக்கிறது.

இதில் ஒரு பள்ளம் உண்டு. தேதியோ கடையோ திருத்தப்பட்டால் நகல் வேறு பார்ட்டிஷனுக்குப் போய்விடும். பழைய பார்ட்டிஷனில் பழைய நகல் அப்படியே இருக்கும். இரண்டு நாளிலும் அதே பால். இதற்குத் தீர்வு நிரலில் இல்லை, கணக்குப்பிள்ளையிடம் இருக்கிறது. பேரேட்டில் யாரும் அழித்து எழுதுவதில்லை, எதிர்ப்பதிவு போடுவார்கள். அதையே விதியாக்கினோம்: எடை, டி.ஆர்.சி., விலை ஆகியவற்றைத் திருத்தலாம். தேதியும் கடையும் தவறென்றால் பழைய சீட்டில் ரத்து என்ற குறி விழும், புதிய சீட்டு பிறக்கும். எந்தச் சீட்டும் அழிக்கப்படாது என்பதால் சேஞ்ச் ஃபீட்டில் அழிப்பு தெரியாத குறையும் இத்தோடு தீர்ந்தது.

மாத அறிக்கைக்கு நாள்வாரியான தொகை ஆவணங்களையும் எழுதி வைக்கிறோம். ஆனால் நடப்பு நாளுக்கு எழுதுவதில்லை. வெவ்வேறு விவசாயிகளின் சீட்டுகள் வெவ்வேறு பார்ட்டிஷன்களில் இருந்து ஒரே நேரத்தில் வரும்போது, நிரலின் இரண்டு பிரதிகள் ஒரே தொகையைக் கணக்கிட்டு, பழைய விடை கடைசியாக எழுதப்படும் வாய்ப்பு இருக்கிறது. ஆவணம் மாறும்போதெல்லாம் மாறும் ஈடேக் என்ற பதிப்புக் குறியைப் பார்த்து எழுதினால் தவிர்க்கலாம். நடப்பு நாளை நேரடியாகக் கூட்டிக்கொள்வது அதைவிட எளிது. கடந்த நாட்களில் ஏதாவது சீட்டு மாறினால் அந்த நாள் 'மீண்டும் கூட்டு' பட்டியலில் சேர்ந்து, இரவில் புதிதாகக் கூட்டப்படும்.

பராமரிப்பில் இந்த வழியை நான் நம்புவதற்குக் கடைசிக் காரணம், இரண்டாவது கன்டெய்னர் மொத்தமாகப் போனாலும் கவலை இல்லை என்பது. வழக்கமான முறையில் சேஞ்ச் ஃபீட்டை எப்போது வேண்டுமானாலும் முதலில் இருந்து படிக்கலாம். எதுவரை படித்தோம் என்று குறித்துவைக்கும் லீஸ் விவரங்களைப் புதிதாக வைத்துவிட்டு ஓடவிட்டால் நகல் மறுபடி உருவாகும். இலவசம் அல்ல, ஒவ்வொரு சீட்டும் இரண்டு முறை எழுதப்படுகிறது, சேமிப்பும் இரட்டிப்பு. பால்வடிப்பு இல்லாத மழைநாட்களில் செலவு சும்மா ஓடக் கூடாது என்று நினைப்பவர்கள், பயன்படுத்திய ஆர்.யு.வுக்கு மட்டும் கட்டணம் வாங்கும் சர்வர்லெஸ் திட்டத்தைப் பார்க்கலாம். தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டுமே நனைக்கும் இந்த மாவட்டத்துக்கு அது பொருந்தும்.

மூன்றாவது வழியைப் பற்றிக் குறைவாகத்தான் சொல்ல முடியும். அன்றாட வேலையில் அதை ஓட்டிய அனுபவம் எங்களுக்கு இல்லை. பகுப்பாய்வுக் களஞ்சியத்துக்குத் தரவு தானாகவே, பெரும்பாலும் இரண்டு நிமிடங்களுக்குள் போய்ச் சேர்கிறது. அங்கே ஓடும் வினவல் நம் ஆர்.யு.வைத் தொடாது. திருத்தமும் அழிப்பும் அங்கே பிரதிபலிக்கும், நாம் நிரல் எழுத வேண்டியதில்லை. பல ஆண்டுத் தரவை எல்லாக் கோணத்திலும் புரட்டிப் பார்க்கும் பெரிய நிறுவனத்துக்கு இதுவே சரி என்று தோன்றியது; ஆனால் புதிய திட்டங்களுக்கு மைக்ரோசாஃப்ட் இப்போது இதைப் பரிந்துரைப்பதில்லை. நாலைந்து கடைக்கு, இன்னொரு சேவையையும் அதன் கட்டணப் பட்டியலையும் கற்றுக்கொள்ள வேண்டிய சுமைதான் எங்களைத் தடுத்தது.

இந்த அளவுக்கு ஒரு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் போதாதா என்று கேட்பவர்களுக்கு: புதிதாகத் தொடங்குவதாக இருந்தால் நானும் அதைத்தான் கேட்பேன். கைக்கு வரும்போதே தரவு காஸ்மாஸ் டிபியில் இருந்தது.

முதல் வழியை முழுவதுமாகக் கைவிடவும் இல்லை. மாதக் கடைசியில், கடைகள் மூடிய பிறகு, மூலக் கன்டெய்னரின் மீது அந்த நீளமான கூட்டு வினவல் ஒருமுறை ஓடுகிறது. அதன் விடையும் நகலின் விடையும் கடைவாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. வித்தியாசம் இருக்கும் கடையின் நாட்களை மட்டும் மூலத்தில் இருந்து மறுபடி நகலெடுத்துவிட்டு, அதன் பிறகுதான் விவசாயிகளுக்குப் பட்டுவாடாப் பட்டியலை அச்சிட அனுமதிக்கிறோம்.