வெள்ளம் வடிந்த வீட்டுத் தரை: உடைத்துப் போடுவதா, மேலேயே ஒட்டுவதா, பாலிஷ் போதுமா?

2023 டிசம்பர் 4-ஆம் தேதி, மிக்ஜாம் புயல் மழையில், முடிச்சூரில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. வடிய இரண்டு நாள் ஆனது. எங்கள் வீட்டில் மூன்று விதமான தரை உண்டு. ஹாலில் இரண்டுக்கு இரண்டு விட்ரிஃபைடு டைல்ஸ். அத்தை படுக்கும் அறையில் வீடு கட்டியபோதே போட்ட மொசைக். பையன் அறையில் நாங்கள் ஆசைப்பட்டுப் போட்ட லேமினேட் மரத்தரை. மூன்றுக்கும் அதே தண்ணீர், அதே இரண்டு நாள். மூன்றும் பட்ட பாடு மட்டும் ஒன்றுபோல் இல்லை.

அதற்குப் பிறகு மூன்று மேஸ்திரிகள் வந்து பார்த்தார்கள். ஒருவர் “எல்லாத்தையும் உடைச்சிடலாம்” என்றார். இன்னொருவர் “எதுக்குக்கா உடைக்கணும், மேலயே ஒட்டிடலாம்” என்றார். மூன்றாமவர் ஒன்றும் சொல்லாமல் கரணையைத் திருப்பிப் பிடித்து, அதன் மரக்கைப்பிடியால் ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டிக்கொண்டே போனார். வேலையை அவரிடம்தான் கொடுத்தோம்.

முதலில் தட்டிப் பாருங்கள்

மேஸ்திரி வருவதற்கு முன் நீங்களே செய்துவிடக்கூடிய வேலை இது. நன்றாகப் பிடித்திருக்கும் டைல்ஸைத் தட்டினால் கெட்டியாக ‘டக்’ என்று கேட்கும். பிடிப்பு விட்டிருந்தால் காலிப் பானையைத் தட்டுவதுபோல் ‘டொப்’ என்று வரும். அதைத்தான் பொக்கை என்கிறார்கள். பொக்கையாக இருக்கும் ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போடுங்கள். தட்டி முடித்ததும் எழுந்து நின்று அறை முழுவதையும் பாருங்கள். குறிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருந்தால் கோளாறு பெரும்பாலும் ஒட்டில்தான். ஒரே மூலையில், சுவரோரமாக, கூட்டமாக விழுந்திருந்தால் அடுத்ததாக மட்டப்பலகையை வைத்துப் பார்க்க வேண்டும். பலகைக்கும் தரைக்கும் நடுவில் விரல் நுழைந்தால் கோளாறு டைல்ஸில் இல்லை, அதற்கும் கீழே இருக்கிறது.

எங்கள் ஹாலில் 11 குறிகள், எல்லாம் வடகிழக்கு மூலையில். மட்டப்பலகைக்கு அடியில் என் சுண்டுவிரல் தாராளமாக நுழைந்தது.

2015 வெள்ளத்திலும் இதே மூலையில்தான் ஆறு டைல்ஸ் தூக்கிக்கொண்டது. அப்போது வந்தவர் அந்த ஆறை மட்டும் எடுத்துவிட்டுக் கலவை போட்டு, புதிதாக ஆறைப் பதித்துவிட்டுப் போனார். கீழே என்ன இருக்கிறது என்று அவரும் பார்க்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அதனால்தான் இந்தமுறை எந்தத் தீர்வு மலிவு என்று கேட்பதற்கு முன், எது எதைச் சரிசெய்யும் என்று கேட்டுக்கொண்டோம்.

தரைத்தள வீடு என்றால், டைல்ஸுக்குக் கீழே ஒன்றரை அங்குலமோ இரண்டு அங்குலமோ கலவை. அதற்குக் கீழே நான்கு அங்குலத்துக்குச் சல்லி கான்கிரீட். அதற்கும் கீழே இரண்டு மூன்று அடிக்கு மணலோ சவுடு மண்ணோ நிரப்பியிருப்பார்கள். அந்த நிரப்பலை அரையடிக்கு அரையடி தண்ணீர் விட்டு, திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கியிருக்க வேண்டும். அவசரத்தில் ஒரேயடியாகக் கொட்டி மூடிய வீடுகள் நிறைய. வெள்ளத் தண்ணீர் இறங்கும்போது அந்த மண் ஊறி அமுங்குகிறது. கான்கிரீட்டுக்கு அடியில் வெற்றிடம் விழுகிறது. பிறகு அதன்மேல் எவ்வளவு விலையுயர்ந்த டைல்ஸைப் போட்டாலும் நிற்காது.

ஒட்டு விட்டுப்போவதற்குக் காரணம் வேறு. விட்ரிஃபைடு டைல்ஸ் தண்ணீரை 0.5 சதவீதத்துக்கு மேல் குடிக்காது. தரைக்கு அது நல்ல குணம். ஆனால் அதே காரணத்தால் சிமெண்ட் பாலும் அதன் முதுகில் இறங்கிப் பிடிப்பதில்லை. செராமிக்குக்குப் போட்ட பழைய பழக்கத்திலேயே வெறும் சிமெண்ட் பால் ஊற்றிப் பதித்தவைதான் முதலில் கழன்று வருகின்றன. இடைவெளி விடாமல் நெருக்கிப் பதித்திருந்தால், வெயில் சூட்டில் கொஞ்சம் விரிந்தாலே டைல்ஸ்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு கூரைபோல் எழும்பிவிடும்.

மேலேயே ஒட்டுவது

பழைய தரைக்கு மேலே புது டைல்ஸை ஒட்டுவதில் இருக்கும் சௌகரியத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். தூசி இல்லை, இடிக்கும் சத்தம் இல்லை, ஒரு அறை இரண்டு நாளில் முடிந்துவிடும். வீட்டில் வயதானவர்களோ ஆஸ்துமாக்காரர்களோ இருந்தால் இது பெரிய விஷயம். கீழ்த்தரை இறங்காமல் மட்டமாக இருந்து, பொக்கைகளும் சிதறலாக மட்டும் இருந்தால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் பொக்கையாக இருப்பவற்றை முதலில் எடுத்துவிட்டு, அந்தக் குழிகளைக் கலவையால் மட்டமாக்க வேண்டும். மீதியின் வழவழப்பை மெஷினால் கீறிவிட வேண்டும். அதன்பிறகு பசை. சிமெண்ட் பால் இங்கே சுத்தமாக உதவாது. டைல்ஸ் பசை மூட்டையில் ஐ.எஸ். 15477 என்ற இந்தியத் தர எண்ணை அச்சிட்டு, எந்த வகை என்றும் போட்டிருப்பார்கள். டைல்ஸ் மேல் டைல்ஸ் ஒட்ட ஏற்றது என்று அதிலேயே எழுதியிருக்கிறதா என்று படித்துவிட்டுத்தான் மூட்டையைப் பிரிக்கவிட வேண்டும்.

எல்லோரும் மறந்துவிடுவது உயரத்தை. டைல்ஸும் பசையும் சேர்த்து அரை அங்குலத்திலிருந்து முக்கால் அங்குலம் வரை தரை உயர்ந்துவிடும். கதவுகளை எல்லாம் கழற்றி அடியில் அறுக்க வேண்டும். கீழ்ப்பக்கம் இரும்புத் தகடு அடித்த கதவு என்றால் தச்சரைத் தனியாகக் கூப்பிட வேண்டும். சமையலறை அடி அலமாரிக் கதவு திறக்காது. ஹாலை மட்டும் உயர்த்தினால் பக்கத்து அறைக்குப் போகும் இடத்தில் ஒரு சின்னப் படி விழும். எழுபது வயதுக்கு மேற்பட்டவர் இருக்கும் வீட்டில் அந்த முக்கால் அங்குலப் படியை நான் அனுமதிக்கவே மாட்டேன். கண்ணுக்குத் தெரியாத படிதான் காலை இடறும். மாடி வீடு என்றால் கூடுதல் பாரத்தைப் பற்றியும் பொறியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இறங்கிய தரைக்கு மேலே ஒட்டுவது 2015-இல் நாங்கள் செய்ததையே இன்னும் பெரிதாகச் செய்வது.

உடைத்துப் போடுவது

எங்கள் ஹாலுக்கு இதுதான் என்று முடிவானது. என்ன செலவாகும் என்று கேட்பவர்கள் டைல்ஸ் விலையையும் கூலியையும் மட்டும் கணக்குப் போடுகிறார்கள். இடிசலை விட்டுவிடுகிறார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அறையை எடுத்துக்கொள்ளுங்கள். டைல்ஸும் அடிக்கலவையும் சேர்த்து இரண்டரை அங்குலம் உடைத்தாலே ஒன்றேகால் டன்னுக்குக் குறையாது. மூட்டைக்கு 25 கிலோ என்றால் 50 மூட்டை. அதைச் சுமந்து வெளியே கொண்டுபோகவும் வண்டி வைத்துக் கொட்டவும் தனிக் கூலி. பேசும்போதே “இடிசல் யார் பொறுப்பு?” என்று கேட்டுவிடுங்கள். தூசி பக்கத்து அறைகளுக்குப் போகாமல் வாசலில் ஈரச்சாக்கைத் தொங்கவிட்டோம். அப்படியும் அடுப்படிப் பாத்திரம் வரை போனது.

இதன் ஒரே பெரிய நன்மை, உள்ளே பார்த்துவிடலாம். அந்த மூலையில் கலவையைப் பெயர்த்ததும் கான்கிரீட்டில் குறுக்கே ஒரு விரிசல் தெரிந்தது. மேஸ்திரி கடப்பாரையை அதில் விட்டார். அது தடையே இல்லாமல் முழங்கை அளவுக்கு உள்ளே போனது. “அக்கா, இங்க வந்து பாருங்க. டைல்ஸ்ல ஒண்ணும் தப்பில்ல. கீழ மண்ணே இல்ல” என்றார். குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். கான்கிரீட்டின் அடிப்பக்கமும் ஈர மணலும் ஒரு சாண் இடைவெளியில் தனித்தனியாக நின்றன. எட்டு வருடமாக அதன்மேல்தான் சோபா போட்டு உட்கார்ந்திருந்தோம்.

அந்தப் பகுதிக் கான்கிரீட்டை எடுத்துவிட்டு, அரையடி அரையடியாக எம்-சாண்ட் போட்டு, தண்ணீர் விட்டு இடித்தார்கள். அதன்மேல் கனமான பாலித்தீன் ஷீட், பிறகு புதுக் கான்கிரீட், ஒரு வாரம் தண்ணீர் கட்டி வைத்தது. டைல்ஸைப் பசையால் ஒட்டி, நடுவில் மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விட்டோம். சுவரோரம் விட்ட இடைவெளியை ஸ்கர்ட்டிங் மறைத்துக்கொண்டது. இரண்டு நாள் வேலை என்று சொல்லி யாராவது இதைப் பேசினால் அவர்கள் டைல்ஸை மட்டும் மாற்றப்போகிறார்கள் என்று அர்த்தம்.

ஊசி போட்டு ஒட்டுவது என்று ஒன்றும் சொல்வார்கள். இடுக்கில் சின்ன ஓட்டை போட்டு எபாக்ஸி என்ற பசையை உள்ளே செலுத்துவது. உடையாத, ஐந்தாறு டைல்ஸ் மட்டும் பொக்கையாக இருக்கிற, முழுக்கக் காய்ந்த தரைக்கு நல்லது. அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

மொசைக்குக்குப் பாலிஷ், மரத்தரைக்கு விடை

அத்தை அறையின் மொசைக் தரையில் சேறு இரண்டு அங்குலத்துக்குப் படிந்திருந்தது. மூன்று மேஸ்திரிகளில் இரண்டு பேர் “பழசு, இதையும் மாத்திடுங்க” என்றார்கள். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. “நான் வந்த வருஷம் போட்ட தரை, எந்தத் தண்ணி வந்தும் ஒண்ணும் ஆகல. இதுல எவனும் கை வைக்கக் கூடாது” என்றார். அத்தை சொன்னதுதான் சரி. தட்டிப் பார்த்ததில் ஒரு இடம்கூடப் பொக்கை இல்லை. கற்சில்லுகளும் சிமெண்டும் சேர்ந்து கட்டிப்பிடித்த ஒரே பாளம் அது. இடுக்கு குறைவு, கழல்வதற்குத் தனித்தனித் துண்டுகளும் இல்லை. மெஷின் வைத்துக் கல் மாற்றி மாற்றித் தேய்த்துப் பாலிஷ் போட்டதில் ஒரே நாளில் பச்சையும் வெள்ளையுமாகச் சில்லுகள் மேலே வந்துவிட்டன. இடிசல் இல்லை, உயரம் கூடவில்லை, மூன்று வழியிலும் குறைந்த செலவு இதுதான். நல்ல நிலையில் இருக்கும் மொசைக்கையோ ரெட் ஆக்சைடு தரையையோ டைல்ஸ் போட்டு மூடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்றில் மட்டும் கவனம். சேற்றுக்கறை போக வேண்டும் என்று மொசைக், மார்பிள், சிமெண்ட் தரைகளில் ஆசிட் ஊற்றாதீர்கள். சுண்ணாம்புச் சத்துள்ள கல்லை ஆசிட் தின்றுவிடும், பளபளப்பு போய்ச் சொரசொரப்பாகிவிடும். ப்ளீச்சிங் பவுடர் தெளித்த தரையில் ஆசிட் ஊற்றினால் அதைவிடப் பெரிய ஆபத்து. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். வெள்ளத்துக்குப் பிறகு இரண்டும் வீட்டுக்கு வீடு கையில் இருப்பதால் சொல்கிறேன்.

பையன் அறை லேமினேட் தரையைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. அதன் நடுப்பகுதி அழுத்திய மரத்தூள். ஊறி உப்பிய பிறகு காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. அள்ளி வெளியே போட்டோம். அதற்குப் பதிலாக எஸ்பிசி பலகை போடச் சொன்னார்கள். அது கல்தூளும் பிவிசியும் கலந்தது, தண்ணீரில் உப்பாது என்பது உண்மை. ஆனால் பலகைக்கு அடியில் புகுந்த அழுக்குத்தண்ணீர் தானாக வெளியே வராது. ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழுவி, காயவைத்து மறுபடி மாட்ட வேண்டும். மாடிக்கு நல்ல தரை. எங்கள் தெருவில், தரைத்தளத்தில், நான் அதைத் தேர்வு செய்யவில்லை. அந்த அறையிலும் டைல்ஸே போட்டோம்.

எந்த வழி என்றாலும் அவசரம் கூடாது

தை பிறந்ததும் ஆரம்பித்துவிடலாம் என்று இருந்தோம். மேஸ்திரி இரண்டடிக்கு இரண்டடி பிளாஸ்டிக் ஷீட்டை வெறும் கான்கிரீட் தெரியும் இடத்தில் விரித்து, நாலு பக்கமும் டேப் ஒட்டிவிட்டுப் போனார். மறுநாள் காலை ஷீட்டின் அடிப்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தது. மேலே கை வைத்தால் தரை காய்ந்துதான் இருந்தது. ஊறிய கான்கிரீட் காய அங்குலத்துக்கு ஒரு மாதம் என்று ஒரு கைக்கணக்கு உண்டு. ஜன்னலைத் திறந்து, மின்விசிறியை ஓடவிட்டு, வாரம் ஒருமுறை அதே ஷீட்டை இடம் மாற்றி ஒட்டிப் பார்த்தோம். மாசியில்தான் அடிப்பக்கம் சுத்தமாக இருந்தது. அதுவரை வெறும் தரையில் பாய் விரித்து இருந்தோம். ஈரத்தோடு மூடியிருந்தால் உப்பு இடுக்கு வழியாக வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கும், எபாக்ஸியும் பிடித்திருக்காது.

வாங்கும்போது பத்து டைல்ஸ் கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டியின் மேல் ஷேட் எண் அச்சிட்டிருக்கும். அடுத்த முறை அதே மாடல் கிடைத்தாலும் அந்த எண் மாறினால் நிறம் ஒத்துவராது. எங்கள் பரணில் அந்தப் பெட்டி, எண் தெரியும்படி வெளிப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறது.