மருமகனுக்கு நீதிமன்றம், மாமனுக்குக் குவாண்டனாமோ

1993 பிப்ரவரி 26 அன்று நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் அடித்தள வாகன நிறுத்தத்தில் குண்டு ஏற்றிய வேன் வெடித்தது. 6 பேர் இறந்தார்கள். காயமடைந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். அந்தச் சதியை நடத்திய ரம்சி யூசுஃப் 1995 பிப்ரவரியில் இஸ்லாமாபாத்தில் பிடிபட்டார். நியூயார்க்கின் மன்ஹாட்டன் நீதிமன்றத்தில் அவருக்கு வழக்கறிஞர் இருந்தார், ஜூரி இருந்தது, குறுக்கு விசாரணை நடந்தது. 1998 ஜனவரியில் ஆயுள் தண்டனையும் அதோடு 240 ஆண்டுகளும் விதிக்கப்பட்டன. பிடிபட்ட நாளிலிருந்து தண்டனை வரை மூன்று ஆண்டுகூட ஆகவில்லை.

யூசுஃபுக்கு மாமன் முறை காலித் ஷேக் முகமது. 2001 செப்டம்பர் 11 அன்று அதே மையத்தின் இரு கோபுரங்களையும் வீழ்த்திய தாக்குதலின் மூளை என்று அமெரிக்கா சொல்வது இவரைத்தான். 2003 மார்ச்சில் ராவல்பிண்டியில் பிடிபட்டார். ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது. அவர் வழக்கில் விசாரணையே தொடங்கவில்லை. கொல்லப்பட்டவர்கள் 2,977 பேர். அவர்களுடைய பெற்றோரில் சிலர் தீர்ப்பைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

ஒரே குடும்பம், ஒரே இலக்கு. அரசு தேர்ந்தெடுத்த வழிதான் வேறு. 1996-லேயே காலித் ஷேக் முகமது மீது மன்ஹாட்டன் நீதிமன்றத்தில் ஒரு விமானத் தகர்ப்புச் சதிக்காகக் குற்றச்சாட்டு பதிவாகியிருந்தது. கதவு திறந்தே இருந்தது. அதை மூட அரசு சொன்ன காரணங்களை நடந்தவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதல் காரணம்: இது போர், போலீஸ் வேலை இல்லை. தாக்குதல் நடந்த ஒரே வாரத்தில் நாடாளுமன்றம் படைபலத்தைப் பயன்படுத்த அனுமதி தந்தது. பிரதிநிதிகள் சபையில் 420 பேர் ஆதரித்தார்கள், எதிர்த்தவர் பார்பரா லீ ஒருவர். அந்தச் சட்டத்தில் எந்த நாட்டின் பெயரும் இல்லை, எந்த அமைப்பின் பெயரும் இல்லை, முடிவுத் தேதியும் இல்லை. நவம்பர் 13-ல் அதிபர் புஷ், ராணுவ அதிகாரிகளே வழக்கை விசாரித்துத் தீர்ப்பளிக்கும் ராணுவ விசாரணை ஆணையங்களுக்கு உத்தரவிட்டார். 2002 ஜனவரி 11-ல் கியூபாவில் உள்ள அமெரிக்கக் கடற்படைத் தளமான குவாண்டனாமோவில் முதல் கைதிகள் இறங்கினார்கள். போர் என்று அறிவித்தவர்கள், போர்க் கைதிகளுக்கு ஜெனீவா ஒப்பந்தம் தரும் உரிமையைக் கொடுக்கவில்லை; குற்றவாளிகள் என்றவர்கள், குற்றவாளிக்கு உரிய நீதிமன்றத்தையும் கொடுக்கவில்லை. இரண்டு சட்டத்துக்கும் வெளியே ஓர் இடம் வேண்டும் என்பதே நோக்கம் என்று நான் நினைக்கிறேன்.

இரண்டாவது காரணம், அங்கே இருப்பவர்கள் கொடியவர்களிலும் கொடியவர்கள் என்பது. ஏறத்தாழ 780 பேர் அந்த முகாமைக் கடந்தார்கள். பெரும்பாலானவர்களைப் பிடித்துக் கொடுத்தவர்கள் பாகிஸ்தானியரும், தாலிபானை எதிர்த்த ஆப்கன் வடக்குக் கூட்டணியினரும். அதுவும் பிடித்துக் கொடுப்போருக்குப் பணம் என்று அமெரிக்கா துண்டுப்பிரசுரம் போட்டுக்கொண்டிருந்த காலத்தில். மிகப் பெரும்பாலோர் குற்றச்சாட்டே இல்லாமல் விடுவிக்கப்பட்டார்கள். இதற்கு மேல் இந்தக் காரணத்தில் பேச ஒன்றுமில்லை.

மூன்றாவதுதான் கனமானது: நீதிமன்றம் மென்மையானது, அங்கே பயங்கரவாதி தப்பிவிடுவான். இதற்கு எப்போதும் காட்டப்படும் உதாரணம் அகமது கைலானி. 1998-ல் நைரோபி, தார் எஸ் சலாம் அமெரிக்கத் தூதரகங்களில் 224 பேரைக் கொன்ற குண்டுவெடிப்புகளில் தொடர்புள்ளவர்; குவாண்டனாமோவிலிருந்து ராணுவம் சாராத சிவில் நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்ட முதல் கைதி. 2010 நவம்பரில் ஜூரி 280-க்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகளில் விடுவித்து ஒன்றில் மட்டும் குற்றவாளி என்றது. பார்த்தீர்களா என்றார்கள் ராணுவ வழியை ஆதரித்தவர்கள். அந்த ஒரே குற்றச்சாட்டுக்கே அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அரசுத் தரப்பின் முக்கியச் சாட்சியை நீதிபதி கப்லான் ஏன் அனுமதிக்கவில்லை? சிஐஏ ரகசியச் சிறையில் கைலானியை வற்புறுத்திக் கறந்த தகவலிலிருந்துதான் அந்தச் சாட்சியே தெரிய வந்தார். அதே தூதரக வழக்கில், சித்திரவதை தொடங்கும் முன்பே மன்ஹாட்டனில் விசாரிக்கப்பட்ட நால்வரும் 2001-ல் குற்றவாளிகளாகி ஆயுள் தண்டனை பெற்றிருந்தார்கள். வழக்கைப் பலவீனமாக்கியது எது என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை கிடைக்காது.

ராணுவ ஆணையங்களின் கணக்கு என்ன? விரல்விட்டு எண்ணக்கூடிய தீர்ப்புகள். அவற்றிலும் சில மேல்முறையீட்டில் நிற்கவில்லை. பின்லேடனின் ஓட்டுநர் சலீம் ஹம்தானின் தண்டனை 2012-ல் ரத்தானது. சிவில் நீதிமன்றங்களோ இதே காலத்தில் நூற்றுக்கணக்கானவர்களைத் தண்டித்தன. செலவிலும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்: குவாண்டனாமோவில் ஒரு கைதிக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1.3 கோடி டாலர் என்று நியூயார்க் டைம்ஸ் 2019-ல் கணக்கிட்டது.

சிவில் வழி குறையற்றது என்று நான் சொல்லவில்லை. எஃப்பிஐ உளவாளிகளே தூண்டிவிட்டு உருவாக்கிய வழக்குகள் உண்டு. இப்படித் தண்டிக்கப்பட்டவர்களை வைக்கும் கொலராடோ சிறையின் தனிமை அடைப்பு மனிதனைச் சிதைக்கக்கூடியது. ஆனால் அந்தக் குறைகளைச் சுட்டிக்காட்ட அங்கே ஒரு வழக்கறிஞர் இருக்கிறார், ஒரு பதிவேடு இருக்கிறது.

நான்காவது காரணம் உயிர் காக்கும் தகவல். கடுமை காட்டினால்தான் வாய் திறப்பார்கள் என்றார்கள். காலித் ஷேக் முகமதுவுக்கு மூச்சு முட்ட முகத்தில் தண்ணீர் ஊற்றும் வதையை 2003 மார்ச்சில் மட்டும் 183 முறை செய்தார்கள். அடியை நிறுத்துவதற்காகப் பொய் சொன்னேன் என்று அவரே செஞ்சிலுவைச் சங்கத்திடம் பின்னர் கூறினார். இந்த வாதத்துக்கு மிகக் கொடிய பதில் இப்ன் அல்-ஷேக் அல்-லிபி. ஆப்கானிஸ்தானில் பயிற்சி முகாம் நடத்தி, 2001 கடைசியில் பிடிபட்ட இவரை முதலில் எஃப்பிஐ விசாரித்தது. பிறகு சிஐஏ எடுத்துக்கொண்டு எகிப்துக்கு அனுப்பியது. அங்கே அவர் வாயிலிருந்து, அல்-கொய்தாவினருக்கு இராக் ரசாயன, உயிரியல் ஆயுதப் பயிற்சி தந்தது என்ற கதை வந்தது. 2002 பிப்ரவரியிலேயே ராணுவ உளவு அமைப்பு அதைச் சந்தேகித்தது. ஆனாலும் 2003 பிப்ரவரி 5-ல் வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஐநா பாதுகாப்பு அவையில் பெயர் சொல்லாமல் அதையே எடுத்து வைத்தார். மார்ச் 20-ல் போர் தொடங்கியது. 2004-ல் அல்-லிபி தன் கூற்றை மறுத்தார். சிஐஏ அந்த அறிக்கைகளைத் திரும்பப் பெற்றது. அதற்குள் இராக்கில் எத்தனையோ வீடுகளில் ஒப்பாரி எழுந்துவிட்டது.

இதே வாக்குமூலத்தை யூசுஃபை விசாரித்த நீதிமன்றத்தில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எங்கே, யார் முன்னிலையில், எந்த நிலையில் சொன்னார் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டிருப்பார். அதற்குமேல் அது நகர்ந்திருக்காது. வற்புறுத்திப் பெற்ற வாக்குமூலத்தை ஏற்கக் கூடாது என்ற விதியைக் குற்றவாளிக்குக் காட்டும் சலுகை என்றே அரசு பேசியது. அது பொய்யிலிருந்து நாட்டைக் காக்கும் விதியும்கூட. அது இல்லாத இடத்தில் பிறந்த ஒரு பொய் போருக்கு நியாயமாக நின்றது.

மாமனை மருமகனின் நீதிமன்றத்துக்கே கொண்டுவர 2009 நவம்பரில் ஒரு முயற்சி நடந்தது. வழக்கு நியூயார்க்கில் நடக்கும் என்று அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டர் அறிவித்தார். நகரத் தலைவர்கள் பின்வாங்கினார்கள். குவாண்டனாமோ கைதிகளை அமெரிக்க மண்ணுக்குக் கொண்டுவர நாடாளுமன்றம் பணத்தை மறுத்தது. 2011 ஏப்ரலில் வழக்கு மீண்டும் ராணுவ ஆணையத்துக்கே போனது. அதன் பிறகு நடந்தது முழுக்க, பழைய சித்திரவதையோடு சட்டம் நடத்திய மல்லுக்கட்டு. உடன் குற்றம் சாட்டப்பட்டவர்களில் ராம்சி பின் அல்-ஷிப் விசாரணையை எதிர்கொள்ளும் மனநிலையில் இல்லை என்று 2023-ல் ராணுவ நீதிபதியே முடிவு செய்தார். அம்மார் அல்-பலூச்சி எஃப்பிஐயிடம் தந்த வாக்குமூலத்தை, முந்தைய வதையின் கறை படிந்தது என்று 2025 ஏப்ரலில் அதே ராணுவ நீதிபதி ஒதுக்கினார். மென்மையான நீதிமன்றம் என்று ஏசப்பட்டது செய்ததையே கடுமையான ஆணையமும் செய்ய வேண்டியிருந்தது.

2024 ஜூலை 31-ல் காலித் ஷேக் முகமதுவும் வேறு இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆயுள் தண்டனை ஏற்கும் உடன்பாடு வெளியானது. இரண்டே நாளில் பாதுகாப்பு அமைச்சர் ஆஸ்டின் அதை ரத்து செய்தார். 2025 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உடன்பாடு செல்லாது என்றது. யூசுஃபுக்கு 1998-லேயே கிடைத்த அதே ஆயுள் தண்டனைக்குத்தான் அந்த மூவரும் சம்மதித்திருந்தார்கள்.